ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் (2022 வரை சித்தூர் மாவட்டம்) ஸ்ரீகாளஹஸ்தியில் பருத்தித் துணியில் கையால் எழுதிச் சாயமேற்றும் தொழில். 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இதைத் தூய ஓவியம் என்று உயர்த்திப் பேசுவோர் உண்டு. கைத்தொழில் என்பதே பொருத்தம், அதில் தாழ்வும் இல்லை. படத்தின் பாதி சாயத்தில்தான் உருவாகிறது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு மையைக் கசியவிடாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்த நீரே மை; கடுக்காயின் துவர்ப்பு பட்டதும் அது கறுக்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் தீட்டுவதோ படிகார நீர். துணியைச் சாயவேரோடு கொதிக்கவிட்ட பிறகே நிறம் தெரியும். கோடு பிசகினால் அழிப்பது எளிதல்ல.

இராமாயண, மகாபாரதக் காட்சிகளையே தலைமுறை தலைமுறையாக வரைவதில் படைப்பு எங்கே என்று கேட்கலாம். மசூலிப்பட்டினத்து அச்சுக்கட்டைக் கலம்காரித் துணிகளுக்கு அக்கேள்வி ஓரளவு செல்லும். ஸ்ரீகாளஹஸ்தியிலோ எழுதுகோலான மூங்கில் குச்சியில் சுற்றிய கம்பளியை விரல் அழுத்தும் அளவே கோட்டின் தடிப்பு. ஆகவே ஒருவர் வரைந்த சீதை இன்னொருவர் கையில் அப்படியே வருவதில்லை. ஜொன்னலகட்டா குர்ரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றது இந்தக் கைத்திறனுக்குத்தான். கலம்காரி என்ற பெயரில் கடைகளில் விற்கும் ஸ்கிரீன் பிரிண்ட் புடவைகளில் உருவங்கள் மட்டும் அவையேதான்.