நூறு கலம் நெல்லும் ஆயிரம் ரூபாயும்

தஞ்சைப் பெரிய கோயிலைக் காண்போர் அண்ணாந்து பார்ப்பர் விண்முட்டும் விமானத்தை! சற்றே தலைதாழ்த்திச் சுவரைப் பார்த்தால், அங்கே ஓர் அரசின் செலவுக் கணக்கு இருக்கிறது. 1014ஆம் ஆண்டையொட்டி, இராசராசன் ஆணையால் பொறிக்கப்பட்டது அது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். பெயர், பழைய கோயில், தெரு, எத்தனையாவது வீடு என்பது வரை கணக்கு!

பெண்ணுக்கு வருவாய் தந்த பொற்காலம் பாரீர் எனப் பூரிப்போர் உண்டு. தந்தது மெய்தான். ஆனால் அவள் இறந்தாலோ ஊரைவிட்டு அகன்றாலோ, நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்று அந்தப் பணியையும் ஏற்கவேண்டும் என்றது அதே கல்வெட்டு. நெல்லோடு தளையும் வந்தது. பின்னாளைய தாசிமுறையின் இழிவு முழுவதையும் அந்த நானூறு பேர்மீது ஏற்றவேண்டியதில்லை; எனினும் கோயிலைச் சார்ந்தே பெண் பிழைக்கும் வழி அங்கே கல்லிலே எழுதப்பட்டுவிட்டது.

அதே காவிரிக்கரையிலே, மயிலாடுதுறையை அடுத்த மூவலூரிலே வளர்ந்தார் இராமாமிர்தம் அம்மையார். பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்து மேடையேறினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' தீட்டினார். 1947இல் சட்டம் வந்தது. 1962இல் அம்மையார் மறைந்தார்.

1989இல் கலைஞர் அரசு அவர் பெயரால் திருமண உதவி வழங்கிற்று. எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். மகளைப் பள்ளியிலே வைத்திருக்கப் பெற்றோருக்கு ஒரு காரணம் கிடைத்தது. பிறகு, 2011இல் தாலிக்கென 4 கிராம் தங்கம். 2016இல் அது 8 கிராம். பொட்டை எதிர்த்தவர் பெயரிலே தாலிக்குப் பொன்! நாமும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். படிப்பு என்பது மணப்பந்தலிலே நுழையும் சீட்டா என்று.

2022 மார்ச் நிதிநிலை அறிக்கையிலே பெயர் அப்படியே நின்றது, பணத்தின் திசை மாறிற்று. 698 கோடி ரூபாய் ஒதுக்கினர். அரசுப் பள்ளியிலே 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு, படிப்பு முடியுமட்டும் மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. செப்டம்பர் 5 அன்று 'புதுமைப் பெண்' எனத் தொடங்கிற்று.

"தாலிப் பொன் போயிற்றே" எனக் கலங்கும் தாயைப் பழிக்க எனக்கு மனமில்லை. கடன்பட்டுத்தான் கல்யாணம் என்ற வீட்டிலே எட்டுக் கிராம் சிறிதன்று. ஆனால் பொன் அடகுக் கடைக்குப் போகும், பட்டம் போகாது.

குறையும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியிலே தமிழ்வழி பயின்றவளை 2024 இறுதியிலேதான் சேர்த்தனர். பத்தாம் வகுப்போடு நின்று, தாயோடு நடவுக்கு இறங்கியவள் பெயரோ அந்தத் திட்டத்திலே எழுதப்படவே இல்லை.