சின்ன விமான நிலையங்களுக்குக் காவல் வந்த கதை

2002 ஜனவரி 5, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்-கிளியர்வாட்டர் விமான நிலையத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்துச் சரிபார்க்கும் வேலையை அவனிடம் விட்டிருந்தார்கள். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 அது. அனுமதி கேட்காமலே அதைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் ஒன்று பக்கத்தில் பறந்து, இறங்கச் சொல்லிச் சைகை காட்டியது. அவன் இறங்கவில்லை. டாம்பா நகரில் 42 மாடி வங்கிக் கட்டடத்தின் 28-ஆம் மாடியில் மோதி இறந்தான். விடுமுறை நாள் என்பதால் வேறு யாரும் சாகவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நாட்டின் பார்வை முழுக்கப் பெரிய விமான நிலையங்கள் மேல் இருந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அந்தப் பார்வையைச் சின்ன நிலையங்கள் பக்கம் திருப்பிவிட்டான்.

மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் உடனே பயிற்சிப் பள்ளிகளுக்குச் சில யோசனைகளை அனுப்பியது. அதில் ஒன்று சாவி பற்றியது. கதவுக்கு ஒரு சாவி, இன்ஜினுக்கு வேறு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சாவியைப் பயிற்சியாளரே விமானத்துக்கு வந்த பிறகு மாணவனிடம் கொடுக்கட்டும். இன்றைய ஏற்பாடுகளின் விதை இந்தச் சாவிதான் என்று நான் நினைக்கிறேன். மதில் எழுப்பு, துப்பாக்கியோடு ஆளை நிறுத்து என்று அது சொல்லவில்லை. விமானத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார், அவ்வளவுதான்.

மதில் எழுப்பச் சொன்னாலும் நடக்கிற காரியம் இல்லை. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் சுமார் 5,000. பயணிகளைச் சோதித்து ஏற்றும் நிலையங்கள் அதில் சில நூறுதான். மற்றவற்றில் பல, வயல்வெளி நடுவே ஒரு ஓடுதளம், ஒரு பெட்ரோல் பம்பு, வரிசையாகச் சில தகரக் கொட்டகைகள். தரையில் பதித்த வளையங்களில் கயிற்றால் கட்டப்பட்டு விமானங்கள் வெட்டவெளியில் நிற்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்காது. இரவில் ஆளும் இருக்கமாட்டார்கள்.

எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. 1994 செப்டம்பரில் மேரிலாந்தின் ஆல்டினோ நிலையத்திலிருந்து திருடப்பட்ட ஒரு செஸ்னா 150, வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வந்து விழுந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதே மேரிலாந்தில், தலைநகரை ஒட்டிய மூன்று சின்ன நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றில் ஒன்று, 1909-இல் வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த காலேஜ் பார்க். திரும்பத் திறந்தபோது பைலட்டுகள் கைரேகை கொடுத்து, பின்னணி விசாரணைக்கு உட்பட்டு, ஆளுக்கொரு ரகசிய எண் வாங்கித்தான் பறக்க முடிந்தது. இந்தக் கெடுபிடி நாடு முழுக்கப் பரவியிருந்தால் சின்ன நிலையங்கள் பல இழுத்து மூடப்பட்டிருக்கும்.

அந்தப் பயத்தில்தான், 1939-லிருந்து இயங்கிவரும் விமான உரிமையாளர்கள் மற்றும் பைலட்டுகள் சங்கம் முன்வந்தது. போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தோடு சேர்ந்து 2002-இல் ‘ஏர்போர்ட் வாட்ச்’ திட்டத்தைத் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் தங்கள் தெருவைத் தாங்களே கவனித்துக்கொள்வதுபோல், பைலட்டுகள் தங்கள் ஓடுதளத்தைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கூப்பிட, கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று வந்தது. எண்ணெய்க் கசிவு, ரசாயனக் கசிவு பற்றிய அழைப்புகளை இரவு பகலாக எடுத்துவந்த தேசிய எதிர்வினை மையத்தையே இந்த அழைப்புகளுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். இருந்ததை வைத்தே சட்டென்று வேலையைத் தொடங்கிய அந்தப் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

நியூ ஜெர்சி மாநிலம் 2003-இல் பூட்டைக் கட்டாயமாக்கியது. 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தும் விமானத்துக்கு இரண்டு பூட்டு. கதவுப் பூட்டோடு ப்ரொப்பெல்லர் பூட்டோ, த்ராட்டில் பூட்டோ, பூட்டிய ஹேங்கரோ இருக்க வேண்டும். 2004 மே மாதம் மத்திய அரசின் வழிகாட்டி நூல் வந்தது. அது சட்டம் இல்லை, பரிந்துரைதான். ஓடுதள நீளம், நிற்கும் விமானங்களின் எண்ணிக்கை, பெருநகரத்துக்கு எவ்வளவு பக்கம் என்பதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு, எந்த நிலையத்துக்கு எவ்வளவு காவல் தேவை என்று அதிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டும் கண்ணும் எல்லாவற்றையும் தடுத்துவிடவில்லை. 2008 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஆர்கஸ் தீவிலிருந்து, முறையாகப் பயிற்சியே பெறாத ஒரு பதின்வயதுக்காரன் செஸ்னா 182-ஐ ஓட்டிப் போனான். 2010-இல் இண்டியானாவிலிருந்து இன்னொரு விமானத்தைத் திருடி பஹாமாஸ் வரை போனவனும் அவனே.

ஏர்போர்ட் வாட்ச் திட்டத்தில் பைலட்டுகளிடம் எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்பதும் முக்கியம். விமானத்தின் அடிப்படை வேலைகளில் தடுமாறுபவர், உரிய ஆவணம் இல்லாமல் விமானம் கேட்பவர், வழக்கத்துக்கு மாறான சரக்கை ஏற்றுபவர், பக்கத்தில் இருப்பவரின் மிரட்டலுக்குப் பயந்து நடப்பதுபோல் தெரியும் பைலட் — இங்கே பார்க்கப்படுவது எல்லாமே ஆளின் நடவடிக்கைதான். நிறமோ, பெயரோ, உச்சரிப்போ இதில் வரக்கூடாது. புதுமுகம் ஒன்று கொட்டகைப் பக்கம் வந்தால் முதலில் போய் வணக்கம் சொல்லி, எந்த விமானத்தைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாலே போதும். சொந்தக்காரரோ விருந்தாளியோ மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார். தொலைபேசியை எடுக்க வேண்டிய கட்டம் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் வரும்.