பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய ஆராய்ச்சி

திருக்குர்ஆனையும் நபிமொழித் தொகுப்புகளையும், அவற்றினின்று கிளைத்த சட்டம், தத்துவம், சரித்திரம், முஸ்லிம் சமுதாய வாழ்வு ஆகியவற்றையும், மார்க்க போதனையாக அன்றி ஆராய்ச்சிக்குரிய பாடமாகப் பயிற்றுவிக்கும் துறை இது. பிரிட்டனில் இத்துறை அரபு மொழிப் பீடங்களின் நிழலில் பிறந்து, வணிகர், பேராயர், அரசாங்கம் என மாறி மாறி வந்த புரவலர்களின் தேவைக்கேற்பத் தழைத்தும், அத்தேவை தீர்ந்தபோதெல்லாம் வாடியும் வந்திருக்கிறது.

1632இல் லண்டன் துணி வணிகரான தாமஸ் ஆடம்ஸின் பொருளுதவியால் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியர் பதவி ஏற்பட்டு, ஆபிரகாம் வீலாக் அதனை முதலில் வகித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் காண்டர்பரிப் பேராயர் வில்லியம் லாட் ஆக்ஸ்போர்டில் நிறுவிய பீடத்தில், அலெப்போவில் ஆங்கில வர்த்தகர்களின் மத குருவாய் இருந்தபோதே அரபைக் கற்றுத் தேர்ந்த எட்வர்டு போகாக் அமர்ந்தார். கீழ்நாட்டு வர்த்தகத்துக்கும் ராஜாங்க காரியத்துக்கும் உதவும், கிறிஸ்தவத்தைப் பரப்பத் துணைபுரியும், விவிலியத்தின் எபிரேய மூலத்தை விளக்கும் என்பவையே அரபுக் கல்விக்கு அன்று கூறப்பட்ட பிரயோஜனங்கள். இஸ்லாத்தை அதன் பொருட்டே அறிய விரும்பிய புரவலர் அரியர். எனினும் கீழ்நாட்டு வர்த்தகம் நடத்திய லெவண்ட் கம்பெனியின் ஒவ்வொரு கப்பலும் அரபு அல்லது பாரசீகக் கையெழுத்துப் பிரதி ஒன்றையேனும் கொணர வேண்டும் என்று 1634இல் மன்னரிடம் லாட் பெற்ற கட்டளையை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். அவர் திரட்டிய ஏடுகள் பாட்லியன் நூலகத்தைச் சேர்ந்து, பின்வந்த வித்துவான்களுக்கு அரிய செல்வமாயின.

அவ்வித்துவான்களுள் சைமன் ஆக்லியின் சரித்திரம் மனத்தை வருத்துவது. பாட்லியன் பிரதிகளை உழைத்துப் படித்து, அரபுகளின் ஆதி வெற்றிகளை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய அவர், 1711 முதல் கேம்பிரிட்ஜில் ஆடம்ஸ் பீடத்தை வகித்தவர். அத்தகையவர் தம் நூலின் இரண்டாம் பாகத்தைக் கேம்பிரிட்ஜ்க் கோட்டையில் கடன்காரக் கைதியாய் இருந்துகொண்டு முடிக்க நேர்ந்தது என்றால், பீடத்தின் பெருமைக்கும் அதில் அமர்ந்தவரின் ஜீவனத்துக்கும் இருந்த தூரம் விளங்கும். 1734இல் குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜார்ஜ் சேலோ பல்கலைக்கழகத்தைச் சாராத வழக்கறிஞர்.

இந்தியாவையும் பிற நாடுகளையும் ஆண்ட ஏகாதிபத்தியத்தின் தேவையே 1916இல் லண்டனில் கீழ்த்திசைக் கல்விப் பள்ளியைத் தோற்றுவித்தது. அலிகாரிலும் லாகூரிலும் பல்லாண்டு கற்பித்து, முஸ்லிம் அறிஞர்களோடு நெருங்கிப் பழகிய தாமஸ் ஆர்னால்டு அங்கே பேராசிரியரானது, இத்துறை தான் ஆராயும் சமுதாயத்தோடு உரையாடத் தொடங்கியதற்கு அடையாளமாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1947இல் வெளியான, அரசு நியமித்த ஸ்கார்பரோ குழுவின் அறிக்கை கீழ்நாட்டுக் கல்விக்குத் தாராளமாகப் பொருள் தேடித் தந்தது. ஆனால் தனி ஒதுக்கீடு 1952இல் நின்றது. இக்கல்விக்குப் போதிய ஆதரவில்லை என்ற குறையை 1961இல் ஹேட்டர் குழு மீண்டும் எடுத்துக் கூறவேண்டியதாயிற்று. இடைக்காலத்தில் எடின்பரோவில் மாண்ட்கோமரி வாட் நபிகள் நாயகத்தின் மக்கா வாழ்வையும் மதீனா வாழ்வையும் பற்றி 1953லும் 1956லும் வெளியிட்ட நூல்கள், ஆதரவின் ஏற்றத்தாழ்வுகளைக் கடந்து நிலைத்தவை.

2007 ஜூனில் இஸ்லாமிய ஆராய்ச்சி உத்தி நோக்கில் முக்கியத்துவம் உடைய பாடம் என அறிவிக்கப்பட்டு, பத்து லட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது. அவ்வறிவிப்பு தீவிரவாதத் தடுப்போடு இணைத்துப் பேசப்பட்டதால், கல்வித்துறை காவல்துறையின் துணைக்கருவியாகிவிடுமோ என ஆசிரியர் பலர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் அவ்வாண்டு அறிஞர் அத்தாவுல்லா சித்தீகி அரசுக்கு அளித்த அறிக்கை, பாடம் மத்திய கிழக்கோடு குறுகிவிடாமல் பிரிட்டனில் வாழும் முஸ்லிம்களின் நிகழ்கால அனுபவத்தையும் தழுவ வேண்டும் என்றும், முஸ்லிம் கல்வி நிலையங்களோடு பல்கலைக்கழகங்கள் உறவு கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தியது. இக்கட்டுரையாளர் அறிந்தவரை, அரசின் ஆணையால் எழுந்த அறிக்கைகளுள் மாணவனின் தேவையை முதலில் வைத்தது அதுவே. மறு ஆண்டில் சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலாலின் கொடையால் கேம்பிரிட்ஜிலும் எடின்பரோவிலும் ஆய்வு மையங்கள் அமைய வழி பிறந்தது.

உயர்கல்வி அகாதமியின் பொறுப்பில் 2010இல் தொடங்கிய இஸ்லாமிய ஆராய்ச்சி வலையமைப்பு, ஆசிரியர்களை ஒருங்கு கூட்டி, பாடத்திட்டம் குறித்து ஆலோசித்து, இரண்டே ஆண்டுகளில் நிதி முடிவுற்றதும் ஓய்ந்தது. ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் அறிஞர்களே 2013இல் இஸ்லாமிய ஆராய்ச்சிக்கான பிரிட்டிஷ் சங்கத்தை நிறுவினர். அதன் முதல் மாநாடு 2014 ஏப்ரலில் எடின்பரோவில் கூடியது.