கடிகாரம் யார் கையில்?

நெகிழ்வான வேலைநேரம் விடுதலை, நிலையான நேரம் ஒடுக்குமுறை: மென்பொருள் துறையின் சொல்லாடல் இந்த எதிர்வின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

ஆலைக் கடிகாரம் இங்கிலாந்தின் உழைக்கும் உடல்களை எப்படி ஒழுங்குக்குள் கொண்டுவந்தது என்பது பற்றிய இ.பி. தாம்சனின் கட்டுரை 1967இல் வெளியானது. அதே ஆண்டு மியூனிக் அருகே ஒட்டோப்ரூனில் ஒரு விமான நிறுவனம் நெகிழ்நேரத்தைக் கொண்டுவந்தது. தொழிலாளி மேல் கரிசனம் என்று சொல்லிவிட முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து போனதால் உண்டான சாலை நெரிசல்தான் உடனடிக் காரணம்.

தாம்சனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: முதலாளிகள் கடிகார முள்ளைத் திருப்பி வைத்தார்கள், தொழிலாளி கடிகாரம் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். நேரத்தை எண்ணும் உரிமைதான் அங்கே அதிகாரம். பிறகு அதே கடிகாரத்தைக் கொண்டுதான் தொழிலாளிகள் பத்து மணிநேரம் கேட்டார்கள். பெண்களுக்கும் இளையவர்களுக்கும் 1847இல் சட்டமானது.

மென்பொருள் குழுவில் கடிகாரம் இல்லை, கெடு இருக்கிறது. 'எப்ப வேணா வா' என்பதற்குள் 'முடிச்சிட்டுப் போ' ஒளிந்திருக்கிறது. 1999இல் கென்ட் பெக் தன் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் வாரம் 40 மணிநேரம் என்பதை விதியாகவே எழுதினார். ஸ்பெயின் தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், அன்றாட வேலைநேரத்தை அளக்கும் ஏற்பாடு கட்டாயம் என்று 2019 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனியுங்கள், கடிகாரத்தைக் கேட்டது தொழிலாளர் தரப்பு.

ஆக நெகிழ்வா நிலையா என்பதல்ல பிரச்சினை. எண்ணுவது யார், எண்ணியதை வைத்துப் பேரம் பேசச் சங்கம் உண்டா என்பதுதான்.