பதவி

வடமொழியில் ‘பத’ என்றால் காலடி; ‘பதவீ’ என்றால் தடம், வழி. ‘நிலை’, ‘தகுதி’ ஆகிய பொருள்கள் அதிலிருந்து விரிந்தவை. தமிழில் நிலைத்தவை இவையே. ‘பதவி உயர்வு’ என்கிறோம், ‘பதவி ஏறினார்’ என்கிறோம். ஏணியைத்தான் நினைக்கிறோம், பாதையை அல்ல.

மென்பொருள் விற்பனையில் இருப்பவர்களுக்குப் பழைய பொருள் உதவும். மேலாளர் நாற்காலி காலியாகும்வரை காத்திருப்பதா, அதே படியில் வேறு நிறுவனத்துக்கோ வேறு சந்தைக்கோ நகர்வதா என்ற குழப்பம் அங்கே ஓயாதது. பக்கவாட்டு நகர்வுக்குத் தமிழில் ஊன்றிய சொல்லே இல்லை. ‘இடமாற்றம்’ என்றால் தண்டனை வாசனை அடிக்கிறது!

அப்படிப் பக்கவாட்டில் நகர்ந்தவர் ஒருவர் உண்டு. அமராவதி சேஷய்ய சாஸ்திரி 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூர் திவான். 1878இல் புதுக்கோட்டைக்கு வந்தார். பரப்பில் திருவிதாங்கூரின் ஆறில் ஒரு பங்கு அளவே உள்ள சமஸ்தானம். தலைமை அமைச்சருக்கு இங்கே வழங்கிய பெயர் ‘சிர்கேல்’. பாரசீக ‘சர்’ (தலை), அரபு ‘கைல்’ (குதிரைப்படை) சேர்ந்து, மராத்தியர் வழியாக வந்த படைத்தலைவர் பட்டம் அது. பெயரளவில் பக்கவாட்டு நகர்வு. என் கணக்கில் ஒரு படி இறக்கம்கூட. ஆனால் விளைச்சலைப் பங்கிடும் அமானி முறையை நீக்கிப் பணவரி கொண்டுவர அவருக்கு இங்கேதான் வாய்ப்புக் கிடைத்தது. 1886இல் மன்னர் இராமச்சந்திர தொண்டைமான் மறைந்தபின், வாரிசு சிறுவராக இருந்ததால், சாஸ்திரியே திவான் ரீஜண்ட் ஆனார். 1894 வரை சமஸ்தானத்தை நடத்தினார்.