'இல்லாதது' என்னும் எழுத்து: பம்பாய்க் குருதிவகையும் விபத்துச் சிகிச்சையும்

புணேயின் கிழக்கு விளிம்பில், அகில்யாநகர் (முன்னைய அகமதுநகர்) செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது கராடி. இத்தகைய சாலையொன்றில் அடிபட்டுப் பெருமளவு குருதி இழந்தவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, அவரது குருதிவகை தெரியும்வரை காத்திருக்க இயலாத நிலை ஏற்படுவதுண்டு. அப்போது ஓ வகைச் சிவப்பணுக்கள் ஏற்றப்படுகின்றன. அவை எவருக்கும் பொருந்தும் என்பதே இவ்வழக்கத்தின் அடிப்படை. அந்த அடிப்படைக்கு ஒரு விலக்கு உண்டு என்பதை 1952இல் உலகுக்கு அறிவித்தது, கராடியிலிருந்து சில மணி நேரப் பயணத்தொலைவில் உள்ள பம்பாய்.

விலக்கைப் புரிந்துகொள்ள, ஓ என்ற பெயரிலிருந்து தொடங்கலாம். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வியன்னாவில் குருதியை மூன்றாகப் பகுத்தபோது அவற்றை ஏ, பி, சி என்றே குறித்தார். சி பின்னர் ஓ ஆயிற்று. 'இன்றி' எனப் பொருள்படும் 'ஓனெ' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது என்பர். சுழியம் என்று கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், ஏ, பி என்னும் இரண்டும் அற்றது என்பதே பெயரின் பொருள். எதுவும் இல்லாததால் எவர் உடலும் அதை எதிர்க்காது என்று கருதப்பட்டது.

பம்பாயில் தொடர்வண்டி விபத்தில் சிக்கிய ஒருவருக்கும் கத்திக்குத்துப்பட்ட ஒருவருக்கும் குருதி தேவைப்பட்டது. சோதனையில் அவர்களது அணுக்கள் ஓ வகையைப் போலவே தோன்றின. ஆனால் அவர்களது குருதிநீரோ ஓ வகை அணுக்களையும் திரளச் செய்தது. ஒய். எம். பேண்டே, சி. கே. தேஷ்பாண்டே, எச். எம். பாட்டியா ஆகியோர் லண்டன் ஆய்வாளர்களுடன் இணைந்து இதனை 1952இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

காரணம் இதுதான். ஏ, பி எதிர்ப்பொருளூக்கிகள் 'எச்' என்னும் அடித்தளப் பொருளின்மீது ஒரு சர்க்கரை மூலக்கூறு சேர்வதால் உருவாகின்றன. ஓ வகையினரிடம் அச்சேர்க்கை மட்டுமே இல்லை. எச் மிகுதியாகவே உண்டு. பம்பாய் வகையினரிடம் எச்சே இல்லை. ஆகவே அவர்களது குருதிநீர் ஏ, பி, எச் மூன்றையும் எதிர்க்கிறது. 'இல்லாதது' எனப் பெயரிடப்பட்ட வகையில் ஏதோ ஒன்று இருந்தது என்பதை, உண்மையிலேயே அது இல்லாதவர்களே புலப்படுத்தினர்.

விளைவு பெயரளவினதன்று. அணுக்களை மட்டும் சோதித்தால் பம்பாய் வகையினர் ஓ எனவே பதிவாவர். அவர்களுக்கு ஓ குருதியை ஏற்றினால், ஏறிய அணுக்கள் நாளங்களுக்குள்ளேயே சிதையும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். குருதிநீரை ஓ அணுக்களுடன் சேர்த்துச் சோதிப்பதும், கொடையாளரின் அணுக்களோடு பொருத்திப் பார்ப்பதுமே இப்பிழையை வெளிப்படுத்தும். கடும் குருதிப்போக்கில் நேரமின்மையால் கைவிடப்படக்கூடியவையும் இச்சோதனைகளே.

இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாயிரவரில் ஒருவர் இவ்வகையினர் என்று மதிப்பிடப்படுகிறது. 2011 கணக்கெடுப்பில் 31 லட்சம் மக்களைக் கொண்ட புணேக்கு இவ்விகிதத்தைப் பொருத்தினால் முந்நூற்றுவர் வருவர். தம் வகையை அவர்கள் முன்னரே அறிந்திருப்பதும், அரிய கொடையாளர் பட்டியலில் இடம்பெற்றிருப்பதுமே விபத்து நாளில் அவர்களுக்குப் பாதுகாப்பு.

1995இல் பம்பாய் மும்பையாயிற்று. குருதிவகையோ இன்றும் பழைய பெயரையே தாங்கியிருக்கிறது.