வாடகை வீடு சொந்த வீடான கதை



போன ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். பாரிஸ் பக்கத்தில் முப்பது வருஷமாக ஒரே ஆஷ் எல் எம் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். ஆஷ் எல் எம் என்றால் அங்கே குறைந்த வாடகைக்கு விடும் பொதுக் குடியிருப்பு. "அண்ணே, இந்த வீட்டை எங்களுக்கே விலைக்குத் தருகிறார்களாம். கடிதம் வந்திருக்கிறது. வாங்கலாமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். பெரிசாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாடம் எடுக்கிற பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது காட்டேரிக்குப்பத்தில் எங்கள் கூரை வீடு நின்ற மனை எங்களுடையது அல்ல, நிலக்காரருடையது. பணமாக வாடகை கிடையாது. அப்பாவின் உழைப்புதான் வாடகை. கோபித்துக்கொண்டால் காலி செய்யச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 1971இல் குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. அதையொட்டி அந்த எழுபதுகளிலேயே புதுச்சேரியிலும் வந்தது. நான் கல்லூரியில் படிக்கும்போது எங்கள் கைக்குப் பட்டா கிடைத்தது. அந்த வாரமே அம்மா வாசலில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தார். அதுவரை கத்தரி, வெண்டை மட்டும்தான் போடுவார். "நாளைக்கு எழுந்து போகச் சொன்னால் மரத்தைத் தூக்கிக்கொண்டா போவது?" என்பார். சொந்தம் என்பதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

இனி வெளியூர்க் கதை. வாடகைக்கு இருப்பவருக்கே அந்த அரசு வீட்டை விற்கும் திட்டம் என்றால் எல்லோரும் பிரிட்டனைத்தான் சொல்வார்கள். அங்கே முதல் உலகப் போர் முடிந்ததும் 1919 முதல் நகராட்சிகள் பெரிய அளவில் வீடு கட்டி வாடகைக்கு விட்டன. எழுபதுகளின் முடிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் அப்படிப்பட்ட வீட்டில் இருந்தது. மார்கரெட் தாட்சர் அரசு 1980இல் வீட்டுவசதிச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று வருஷம் குடியிருந்தால் போதும். சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி. வருஷம் கூடக் கூடத் தள்ளுபடியும் கூடி 50 விழுக்காடு வரை போகும். பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கு 70 வரை உயர்த்தினார்கள். நகராட்சி விற்க மறுக்க முடியாது.

இங்கிலாந்தில் மட்டும் சுமார் 20 லட்சம் வீடுகள் கைமாறின. தொழிலாளி, பஸ் ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் எனப் பல லட்சம் பேர் முதன்முறையாகச் சொத்துக்காரர் ஆனார்கள். அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் விற்று வந்த பணத்தை முழுவதும் புது வீடு கட்டச் செலவிட நகராட்சிகளுக்கு அனுமதி இல்லை. விற்றது விற்றதுதான், அந்த இடத்தில் இன்னொரு வீடு எழவில்லை. வாங்கியவர்களில் பலர் பின்னாளில் விற்க, அதே வீடுகள் தனியார் கைக்குப் போய்க் கூடுதல் வாடகைக்கு விடப்பட்டன. அப்பாவுக்குக் கிடைத்த வாய்ப்பு மகனுக்கு இல்லை. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இந்தத் திட்டத்தையே முடித்துவிட்டன. இங்கிலாந்து 2024இல் தள்ளுபடியை வெகுவாகக் குறைத்தது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கிருக்கும் என் மாணவர்களுக்கு இது தெரிந்த கதைதான். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது முதல் வேலை வாடகை வீடு கட்டுவது. 1964இல் விற்பனையும் தொடங்கியது. ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. ஆனாலும் முன்பணம் கட்ட முடியாமல் பலர் தயங்கினார்கள். 1968இல் மத்திய சேமநிதியிலிருந்தே முன்பணமும் தவணையும் கட்டலாம் என்று விதி வந்த பிறகுதான் விற்பனை வேகமெடுத்தது. விற்றார்கள், கட்டிக்கொண்டும் இருந்தார்கள். அதுதான் பிரிட்டனிலிருந்து வித்தியாசம். ஒன்று மறக்க வேண்டாம்: அங்கே "சொந்தம்" என்பது 99 வருஷக் குத்தகை.

பிரான்சில் ஆஷ் எல் எம் வாடகைதாரர் வீட்டை வாங்க 1965லேயே சட்டம் வந்துவிட்டது, தாட்சருக்குப் பதினைந்து வருஷம் முன்பே. ஆனால் பெரிய அளவில் விற்பனை நடக்கவில்லை. 2018இல் வந்த புதுச் சட்டம் விற்பனையைக் கூட்டப் பார்க்கிறது. என் தங்கைக்கு வந்த கடிதம் இந்த வரலாற்றின் வால்.

அவளிடம் நேற்று மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, வாங்க மறுத்தால் வெளியேற்றிவிடுவார்களோ என்று பயப்படாதே, வாடகைதாரராகவே தொடரலாம். இரண்டு, வாங்கிய மறுநாளிலிருந்து லிஃப்ட், கூரை, சுவர்ப் பூச்சு எல்லாவற்றிலும் உன் பங்குச் செலவு உண்டு. இதுவரை அது வீட்டுக்காரர் கவலை. கட்டடத்தின் வயதைக் கேள், அடுத்த சில வருஷத்தில் என்ன மராமத்து வரும் என்று கேள். மூன்று, பத்திரம் கைக்கு வரும்வரை தூங்காதே.

மூன்றாவதை ஏன் அழுத்திச் சொன்னேன் என்றால், என் தாய்மாமா. மில் தொழிலாளி. ஒரு நகரத்தில் அரசுக் குடியிருப்பில் வாடகைக்குப் போனார், பிறகு அதையே தவணை முறையில் தந்தார்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு மாதம் தவறாமல் கட்டினார். ரசீதுகளை நூலில் கோத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். கடைசித் தவணை கட்டிய அன்று எங்களுக்கெல்லாம் கேசரி. ஆனால் கிரயப் பத்திரம் பதிவு செய்யவில்லை. "அதான் கட்டி முடிச்சாச்சே, யார் கேட்கப்போறா" என்றுவிட்டார்.

அவர் போன பிறகு அத்தை வாரிசுச் சான்றிதழோடு அலைந்தார். கோப்பு காணவில்லை என்றார்கள். நான்கு வருஷம். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடப் போயிருக்கிறேன். வீடு தன் பேருக்கு மாறியதைப் பார்க்காமலே அத்தை போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளுக்குள் இன்றும் பேச்சு இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. குடிசை மாற்று வாரியம் என்று 1970இல் தமிழ்நாட்டில் தொடங்கி, 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் வீடுகளிலும் இந்தக் கிரயப் பத்திரப் பேச்சு பல காலமாக நடக்கிறது. ஒதுக்கீட்டு ஆணை வேறு, பட்டா வேறு, கிரயப் பத்திரம் வேறு. மூன்றையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய.

ஆகவே பிள்ளைகளே, இன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் கேளுங்கள். வாரிய வீடோ, மனையோ, தவணை முடிந்திருந்தால் பத்திரம் எங்கே, யார் பேரில் என்று பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் திண்ணையில்தான் இருப்பேன். எழுதித் தருகிறேன். எழுத்துப் பிழைக்கு மட்டும் இப்போது காதைத் திருக மாட்டேன்.

அம்மா வைத்த தென்னை இன்னும் காய்க்கிறது. தங்கை இன்னும் முடிவு செய்யவில்லை. பால்கனியில் பெரிய தொட்டி வாங்கி ஒரு எலுமிச்சை வைக்கலாமா என்று கேட்டாள். வாங்கத்தான் போகிறாள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
காட்டேரிக்குப்பம்